ஆறாவது மாதிரி

ஊசிக்கணவாயின் உடலுக்குள் எலும்புக்குப் பதிலாக ஒரு தகடு உண்டு. இறகின் வடிவம், மெழுகுத்தாளின் மென்மை. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும். அன்று காலை என் மனைவி சலேத்து அப்படிப்பட்ட பன்னிரண்டு தகடுகளை வெந்நீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றி, இரண்டு ஓட்டுத் துண்டுகளுக்கு இடையில் அழுத்தி வைத்திருந்தாள். நான் ஒன்றை எடுத்து சிரட்டையில் அறுத்த சிறிய வளையத்துக்குள் பொருத்தினேன். கட்டைவிரல் பட்டதும் அது நடுவில் விரிசல் விட்டு இரண்டாகப் போயிற்று.

"இதுவும் ஆவாதுங்க," என்றாள் சலேத்து. "பிள்ளை ஒரு தும்மல் போட்டா தூளாப் போயிரும்."

"பசை வச்சு ஒட்டிப் பாப்பமா?"

"பசையிலதானே இவ அக்கா ஷைனிக்குப் புண்ணே வந்துச்சு."

நான் உடைந்ததை எடுத்து சன்னல் விளிம்பில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே மூன்று தோல்விகள் வரிசையாக இருந்தன. வழுவழுப்பான வட்டச்சிப்பி ஓடு ஒளியை விட்டது, உருவத்தை விடவில்லை. மீனின் காற்றுப்பையான பள்ளையைப் பசையாகக் காய்ச்சி ஊற்றிய வில்லை இரண்டாம் நாள் நாறியது. மைக்கா ஏடு தெளிவாக இருந்தது, ஆனால் வெளிச்சத்தைத் தடுக்கவே இல்லை. கணவாய் நான்காவது.

உள்ளே இருளறையிலிருந்து என் தங்கை ஜெனோவாவின் குரல் கேட்டது. "அண்ணே, கண்ணாடி செய்யச் சொன்னா மீன்கொழம்பு வைக்கியளா? எனக்குப் பசிக்கி."

"பத்தியக்காரிக்கு எதுக்கு மீன்கொழம்பு? வாயை மூடிட்டுப் படு ஏட்டி."

அவள் சிரிப்பது கேட்டது. பிள்ளை பிறந்து நான்கு நாளாகியிருந்தது. பிள்ளையின் கண்ணுக்கு வில்லை சாத்தும் கண்சாத்துக்கு இன்னும் மூன்று நாள்.

எங்கள் கடையில் வழக்கமாக இந்த வேலை கிடையாது. நான் அங்கீகாரம் பெற்ற தணிவில்லைப் பழுதுபார்ப்பவன். தூத்துக்குடியின் இந்தப் பகுதியில் கீறல் விழுந்த வில்லைகளும் தளர்ந்த பட்டைகளும் என்னிடம்தான் வரும். எழுபது ஆண்டுகளுக்கு முன், வெப்பம் தாங்காமல் உலக நாடுகள் கூடி முடிவெடுத்து மேல்வானில் சுண்ணத்தூள் தூவத் தொடங்கினார்கள். வெப்பம் தணிந்தது. வானம் முழுவதும் வெண்மையாயிற்று. ஒளி மேலிருந்து மட்டுமில்லாமல் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தது; நிழல் என்ற ஒன்று மங்கிப்போனது. கண்கள் தாங்கவில்லை. பார்வை இழந்தவர்களின் எண்ணிக்கை பெருகியபோது கண்காப்புச் சட்டம் வந்தது. வெளியிலும் வீட்டிலும் தணிவில்லை அணிய வேண்டும். கழற்றுவது குளிக்கவும் உறங்கவும் மட்டும், அதுவும் இருட்டில். வீட்டு விளக்குகளும் திரைகளும் வில்லைக்கு ஏற்ற ஒளியையே தர வேண்டும்.

நான் பிறந்த ஏழாம் நாள் என் தாய்மாமன் எனக்குத் தணிவில்லை சாத்தினார். அதன் பிறகு வெளிச்சத்தில் நான் வெறும் கண்ணோடு எதையும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த யாரும் பார்த்ததில்லை.

அந்த ஏழு நாளும் பிள்ளை இருளறையில் இருக்கும். தாயும் கூடவே இருப்பாள். ஏழாம் நாள் உறவினர் கூடியிருக்க, தாய்மாமன் வில்லையைச் சாத்தி, பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிவருவான். எங்கள் தாய் இறந்துவிட்டதால் ஜெனோவா பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய மூத்தவள் ஷைனிக்கும் நான்தான் சாத்தினேன். அவள் தோலுக்கு வில்லையின் பாலிமரும் அதை ஒட்டும் பசையும் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணைச் சுற்றிப் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, நான்கு வயதில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவளால் வில்லை அணிய முடியாது. மீதி நேரம் இருட்டு. இருட்டில் பொம்மைகளைத் தடவித் தடவி விளையாடும் பிள்ளை அவள்.

"இவளுக்கும் அப்படி ஆவக்கூடாதுண்ணே," என்று ஜெனோவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது நான் தலையசைத்தேன். பாலிமர் இல்லாத, பசை இல்லாத, கடையில் வாங்காத ஒரு வில்லை. சட்டம் அனுமதிக்கிறது. ஒளிமானியில் தடுப்பு எண் தொண்ணூறைத் தாண்ட வேண்டும். நலச்செவிலியர் முன்னிலையில் ஒரு இமைப்பு நேரம் சோதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

சலேத்து எனக்கு உதவினாள். ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து நாங்கள் பேசாமல் வேலை செய்வோம். பேசாமல் இருப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதே இருளறையில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஆறாம் நாள் ஒளிமயக்கத்தில் போய்விட்டாள். பிள்ளை பால் குடிக்காமல் உறங்கும், பிறகு எழுப்ப முடியாமல் உறங்கும், பிறகு விறைக்கும். அறைக்குள் கசிந்த ஒளி பச்சைக்குழந்தையின் மூளையைத் தாக்குவதால் வரும் நோய் என்று எல்லோருக்கும் தெரியும். செவிலியர் கேட்டபோது, சன்னலைத் திறந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்ததாக சலேத்து ஒப்புக்கொண்டாள். நான் அவளை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லவில்லை.

ஐந்தாவது மாதிரிக்குக் கடற்பாசி எடுத்தோம். கஞ்சிப்பாசியைக் காய்ச்சி வடிகட்டி, தட்டில் மெலிதாக ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடித்தாள் போல உரிந்து வரும். நிறம் ஏற்றத் தேயிலைச் சாறு கலந்தேன். வில்லைக்கு நல்ல உருவம் வந்தது. ஆனால் மூச்சுக்காற்று பட்டதும் சுருங்கியது. ஒளிமானியும் எழுபதுக்கு மேல் ஏறவில்லை.

சலேத்து அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய் விளக்கெண்ணெய் ஊற்றிய அகலை ஏற்றி, மேலே ஒரு வெண்கலத் தட்டைக் கவிழ்த்தாள்.

"என்ன செய்யிதே?"

"கரி புடிக்கேன், தேயிலைக்குப் பதிலாச் சேக்க. கண்ணுக்குக் காலங்காலமாப் போடுற மைதானே. பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது."

"சுருங்குறதுக்கு என்ன வழி?"

"மைக்காவுக்கு ஊடால வச்சு மூடிருவோம். மேலயும் கீழயும் மைக்கா, நடுவுல பாசி. சிரட்டை வளையத்துல நூலை வச்சு இறுக்கிட்டாப் போதும். பசையே வேண்டாம்."

அவள் சொன்னதில் குறை கண்டுபிடிக்க முயன்றேன். கிடைக்கவில்லை.

மறுநாள் காலை பாசித்தாள் காய்ந்து வந்தது. பெரிதாக ஒரு சோடி எனக்கு, சோதிப்பதற்காக. சிறிதாக ஒரு சோடி பிள்ளைக்கு. ஒளிமானியில் வைத்தேன். தொண்ணூற்றொன்று. ஒளிமானி எவ்வளவு ஒளி என்று மட்டும் சொல்லும். எந்த ஒளி என்று சொல்லாது. அந்தக் கருவியோடு இருபது ஆண்டுகளாக வேலை செய்பவன் நான். அதை யோசித்ததே இல்லை.

பின்கட்டில் இருட்டுக்குள் போய்த் தணிவில்லையைக் கழற்றி, ஆறாவது மாதிரியை மாட்டிக்கொண்டு அடுக்களைக்கு வந்தேன். சலேத்து வழக்கம்போல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மோந்து பார்த்து, திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அரிசி மாவும் மஞ்சள் பொடியும் பார்வைக்கு ஒன்று. மூக்குதான் பிரித்துச் சொல்லும்.

நான் இரண்டு டப்பாக்களையும் வாங்கித் திறந்தேன்.

அவை ஒன்றாக இல்லை. ஒரு டப்பாவில் இருந்தது எனக்குத் தெரிந்த வெண்மை. மற்றதில் இருந்ததை எதனோடும் ஒப்பிட எனக்கு வழியில்லை. அது கண்ணைப் பிடித்து இழுத்தது. டப்பாவைச் சாய்த்துப் பார்த்ததில் பொடி தரையில் சிந்தியது. சிந்திய இடத்திலும் அது அப்படியே இருந்தது.

"என்னங்க? தலை சுத்துதா?"

"மஞ்சள்," என்றேன். "மஞ்சள்னா ஒரு நிறம்."

அவள் மாதிரியை என்னிடமிருந்து வாங்கி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மாற்றிப் போட்டாள். தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"உங்க சட்டை கறுப்பு இல்லங்க."

"பின்ன?"

"தெரியல. வேற என்னமோ. வானத்துலயும் அது கொஞ்சம் கலந்துருக்கு." சன்னல் பக்கம் போய் நின்றாள். பிறகு சின்னக் குரலில், "பதினஞ்சு வருசமா இதே சட்டையத் தோச்சுப் போட்டிருக்கேன், இது என்னன்னே தெரியாம," என்றாள். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இருவருக்கும் பயமாக இருந்தது.

தணிவில்லை ஒரு வகை ஒளியை அடியோடு தடுக்கிறது என்பது எனக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தரப்பட்டதுதான். சுண்ணவானத்தில் அதிகம் கூசுவது நீலம். ஆகவே நீலத்தை முழுவதும் வெட்டுகிறோம். பாடப்புத்தகத்தில் ஒரு வரி. நீலம் போனால் வெண்மைக்கும் மஞ்சளுக்கும் இடையே உள்ள வேற்றுமையும் சேர்ந்து போகும் என்று அந்த வரியில் இல்லை. எங்கள் கரியோ எல்லா ஒளியையும் சம அளவில் குறைத்தது, எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

"தேயிலைச் சாறு சேத்துருவமா? அதுவும் நீலத்த வெட்டிரும், எல்லாரும் பாக்குற மாதிரி ஆயிரும்," என்றேன்.

"இருக்கட்டும்," என்றாள் சலேத்து. "அவளாவது பாக்கட்டும்."

அன்று மாலை நலச்செவிலியர் பிலோமி அக்கா வந்தார். முப்பத்தொரு ஆண்டுகளாக இந்தப் பகுதியின் பிரசவங்கள் எல்லாம் அவர் கையில்தான். அறைக்குள் போய்விட்டு வந்தவரின் நடை மெதுவாக இருந்தது.

"பிள்ளை பால் குடிக்காம உறங்குது," என்றார். "கையில கட்டுன பட்டையில துடிப்பு சரி, சூடு சரி, மூச்சு சரி. ஆனா உறக்கம் சரியில்ல." பிறகு என்னைப் பார்க்காமல் சலேத்துவைப் பார்த்தார். "யாரும் சன்னலைத் தொறந்தீயளா?"

"இல்லக்கா," என்றாள் சலேத்து.

"இல்லன்னா சரி."

அவர் தன் நலப்பலகையை எடுத்து வழக்கமான கேள்விகளுக்கு விரலால் தட்டிக்கொண்டே போனார். சன்னல் இடுக்குகளில் இன்னும் ஒரு சுற்றுக் கறுப்புத் துணி வைக்கச் சொன்னார். ஒளிமயக்கத்தின் தொடக்கம் என்றால் இருட்டைக் கூட்டுவதுதான் மருந்து. நான் வைத்தேன்.

ஆறாம் நாள் காலை பிள்ளை இன்னும் அதிகமாக உறங்கியது. இமைப்புச் சோதனைக்கு நாங்கள் கேட்டிருந்த நேரம் அதுதான். பிலோமி அக்கா தயங்கினார்.

"மயங்கிக் கிடக்குற பிள்ளைக்கு வெளிச்சம் காட்டவா? வேண்டாம் தம்பி. நாளைக்குச் சட்டப்படி உள்ளதையே சாத்திருவோம்."

இருட்டுக்குள்ளிருந்து ஜெனோவா பேசினாள். "ஒரு இமைப்புதானே அக்கா. அதை மாட்டி இவளும் ஷைனி மாதிரி ஆனா, நான் ரெண்டு பேரையும் இருட்டுலயே வச்சு வளக்கணும். ஒரு இமைப்பு. நான் கேக்கேன்."

அக்கா பெருமூச்சு விட்டார். "ஒரு இமைப்பு. கண்ணு கூசுதான்னு பாப்பேன். உடனே சாத்திரணும்."

நாங்கள் மூவரும் உள்ளே போனோம். அறையில் எல்லா வீட்டு இருளறைகளிலும் உள்ளது போன்ற, சட்டப்படி நீலம் இல்லாத ஒரு சிறு பால்விளக்கு எரிந்தது. அந்த மங்கல் ஒளியில் நான் ஆறாவது மாதிரியை மாட்டிக்கொண்டேன். பிள்ளையின் கண்ணில் வில்லை பொருந்தியிருப்பதைச் சரியாகப் பார்க்க என் தணிவில்லையைவிட அது தெளிவாக இருந்தது. சிரட்டை வளையங்களைப் பிள்ளையின் கண்மேல் வைத்து, பருத்திநாடாவைத் தலைக்குப் பின்னால் கட்டினேன். அவள் அசையவில்லை. ஜெனோவா மெத்தையில் உட்கார்ந்து அவளை வெள்ளைத் துணியில் ஏந்தியிருந்தாள். பிலோமி அக்கா பக்கத்தில் குனிந்தார். சலேத்து சன்னலருகே நின்று தாழைப் பிடித்துக்கொண்டாள்.

"தொற," என்றார் அக்கா.

பகல் உள்ளே வந்தது.

துணி வெண்மையாக இருந்தது. ஜெனோவாவின் விரல்கள் அவற்றின் மாநிறத்தில் இருந்தன. அவற்றுக்கு நடுவில் கிடந்த பிள்ளை மஞ்சளாக இருந்தாள். நெற்றி, கன்னம், கழுத்து, மார்பு, சின்ன வயிறு. அடுக்களைத் தரையில் சிந்திய பொடியை ஈரக்கையால் அள்ளிப் பூசியதுபோல். ஒரு கணம் உண்மையிலேயே யாரோ பூசியிருக்கிறார்கள் என்று நினைத்து விரலால் துடைத்தேன். விரலில் எதுவும் ஒட்டவில்லை. நான் அழுத்திய இடம் வெளிறி, திரும்பவும் மஞ்சளாயிற்று.

"கூசல. வில்லை நல்லாருக்கு," என்றார் பிலோமி அக்கா. "சாத்து."

சலேத்து என் முகத்தைப் பார்த்தாள். சாத்தவில்லை.

"சாத்துங்கேன்லா?"

"அக்கா, பிள்ளை நிறம் சரியில்ல," என்றேன்.

"என்ன நிறம்? எல்லாப் பிள்ளையும் இருக்குற நிறம்தான். தம்பி, வெளிச்சம் உள்ள வருது."

அக்கா எழுந்து சன்னல் பக்கம் போனார். சலேத்து முதுகைச் சன்னல் கதவில் கொடுத்துச் சாய்ந்து நின்றாள்.

"ஒருக்கப் பட்டது போதாதா உனக்கு?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

சலேத்து நகரவில்லை.

ஜெனோவா என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அணிந்திருந்தது தணிவில்லை; அவள் மடியில் இருந்த பிள்ளை அவள் கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லாத பிள்ளை. "அண்ணே, சாத்திரட்டுமே," என்றாள் கெஞ்சலாக. "என்னத்தப் பாக்குதீய? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

அந்த நிறத்தைப் பார்த்தே இராதவர்களிடம் அதை எப்படிச் சொல்வது? கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதிரியைக் கழற்றி நீட்டினேன். "அக்கா. நீங்க பாருங்க. ஒரு இமைப்பு."

வெகுநேரம் யாரும் வாங்கவில்லை என்று தோன்றியது. பிறகு என் கையிலிருந்து அது போயிற்று. என் தணிவில்லையைத் தடவி மாட்டிக்கொண்டு கண் திறந்தேன். அக்கா பிள்ளையின் முன் மண்டியிட்டிருந்தார். எனக்கு இப்போது பிள்ளை மறுபடியும் சாதாரணமாக இருந்தாள். அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. பார்த்துவிட்டேன், தெரிந்துவிட்டது, அப்படியும் என் கண்ணுக்கு அவள் நலமாகத் தெரிந்தாள்.

அக்கா பிள்ளையின் உள்ளங்காலைத் திருப்பினார். இமையை மெல்ல விலக்கி விழியின் வெண்மையைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பலகைய எடு," என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். கேள்விகளை விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றார். தோலின் நிறம். கீழே நான்கு விடைகள்: இயல்பு, வெளிறல், நீலம், மஞ்சள். அவர் விரல் பழக்கத்தால் முதல் விடையின் மேல் போய் நின்றது. பிறகு நான்காவதைத் தொட்டது.

பலகை யோசிக்கவில்லை. திரை உடனே மாறியது. அக்கா அதை உரக்கப் படித்தார், எங்களுக்காக அல்ல, தானே நம்புவதற்காக.

"இரத்தத்தில் பித்தநிறமி ஆபத்தான அளவில் இருக்க வாய்ப்பு. மூளை பாதிக்கப்படலாம். மருத்துவ வண்டி புறப்பட்டுவிட்டது. அதுவரை குழந்தையின் கண்களை மூடி, ஆடைகளை நீக்கி, நீல ஒளியில் வைக்கவும். குழந்தையை இருட்டில் வைக்க வேண்டாம்."

கடைசி வரியை அவர் இரண்டு முறை படித்தார்.

"நீல ஒளிக்கு எங்க போவ?" என்றாள் ஜெனோவா. அவள் ஏற்கெனவே பிள்ளையின் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "நீல விளக்கு வச்சிருந்தாப் புடிச்சுட்டுப் போயிருவாவளே."

சலேத்து சன்னலின் இரண்டாவது கதவையும் திறந்தாள். "நேத்துப் பாத்தேன். வானத்துல இருக்கு. இங்கன கொண்டா."

ஜெனோவா எழுந்தாள். பிள்ளையின் வில்லைமேல் ஒரு துணியைச் சுற்றி, சன்னல் மேடையில் விரித்த மெத்தையில் வெற்றுடம்போடு கிடத்தினோம். வெளிச்சம் அவள்மேல் விழுந்துகொண்டே இருந்தது. அதைத் தடுக்கத்தான் நாங்கள் இத்தனை ஆண்டுகளாக அறைகள் கட்டினோம்.

வண்டி வரப் பதினெட்டு நிமிடங்கள் ஆயின. அந்த நேரம் முழுவதும் பிலோமி அக்கா தரையைவிட்டு எழவில்லை. ஒருமுறை மட்டும் பேசினார்.

"பாக்காம அமுக்கல தம்பி. ஒவ்வொரு பிள்ளையையும் நல்ல விளக்குல வச்சு, உத்துப் பாத்துட்டுத்தான் 'இயல்பு'ன்னு அமுக்கினேன்." கொஞ்சம் கழித்து, "உன் பிள்ளைக்கும்," என்றார்.

மருத்துவ வண்டியில் ஜெனோவாவும் பிள்ளையும் அக்காவும் போனார்கள். அக்கா என் ஆறாவது மாதிரியைத் திருப்பித் தரும்போது அவர் கை அதை விட மறுத்தது. மருத்துவமனையில் காட்டுவதற்கு இன்னொன்று செய்துதரச் சொன்னார். சரி என்றேன்.

பிற்பகலில் தங்கை கணவன் கிளாட்வின் தொலைபேசியில் அழைத்தான். துறைமுகத்திலிருந்து நேராக மருத்துவமனைக்கு ஓடியிருந்தான், மூச்சு வாங்கியது. "மச்சான், ரத்தம் மாத்திக்கிட்டு இருக்காவ. டாக்டரே கிறுகிறுத்துப் போய் நிக்காரு. அளவைப் பாத்துட்டு மெஷின் தப்புன்னு மூணு தடவ சோதிச்சாராம். நாளைக்கு வரைக்கும் வச்சிருந்தா கை மீறியிருக்கும்னு சொல்லுதாரு. பொழைச்சிருவா மச்சான். இப்பம் அழுதா. நல்லா சத்தமா அழுதா."

நான் சலேத்துவிடம் சொன்னேன். அவள் தலையசைத்தாள். இருளறைச் சன்னல் இன்னும் திறந்தே கிடந்தது; பகலில் அந்த அறையின் சுவர்களை நாங்கள் இருவரும் சேர்ந்து முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறாவது மாதிரியை அவள் அணிந்திருந்தாள். மெத்தை மடிக்காமல் கிடந்தது. தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

"நம்ம பிள்ளைக்கு நான் ரெண்டு நாளு தொறந்தேன்," என்றாள். "ஒரு நாளுன்னு அக்காகிட்டப் பொய் சொன்னேன். ரெண்டு நாளும் பகல் பன்னெண்டு மணிக்கு. அவ கண்ணைத் துணியால மூடிட்டு, முகத்தை மட்டும் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க கடையில இருந்தீய."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"தொறந்து வச்ச பொறவு ரெண்டு நாளும் முழிச்சா. நல்லாப் பால் குடிச்சா. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அதைச் சொல்லணும்னு நெனச்சேன், சொன்னாத் தொறந்தது தெரிஞ்சுரும்னு சொல்லல. மூணாவது நாளு தள்ளிப் பாத்தேன். கதவு வரல."

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. அதை நான் மறந்ததே இல்லை. சன்னல் கதவு லேசாக விலகியிருப்பதை வெளியிலிருந்து பார்த்ததும், உடம்பெல்லாம் பதறியதும், கறுப்புத் துணி கொண்டுவந்ததும். ஒன்பது ஆண்டுகளாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: அவள் கெடுத்தாள், நான் காப்பாற்றப் பார்த்தேன், தாமதமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டை வாங்கிக்கொண்டபோது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வெளியே நான்தான் ஆணி அடிச்சேன்," என்றேன்.

"தெரியும். உள்ளதானே இருந்தேன். ஒவ்வொரு அடியும் கேட்டுச்சு."

"ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நீங்க செஞ்சதுதான் சரின்னு நானும் நெனச்சேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் அவளுக்கு மட்டும் தெரியும் நிறங்கள் இருந்திருக்கும். அவை என்ன என்று நான் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அந்தச் சொல் மிகச் சிறியதாக இருந்தது. மூடிக்கொண்டேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. சன்னல் மேடையில் உட்கார்ந்து தெருவின் மறுபக்கம் உள்ள வீடுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு வீட்டின் பக்கச்சுவரிலும் ஒரு சன்னல். ஒவ்வொரு சன்னலிலும் ஆணி அடித்த கறுப்புத் துணி.

"எதுத்தாப்புல மச்சாது வீட்டுல பிள்ளை பொறந்து மூணு நாளாச்சுல்லா?" என்றாள்.

"ஆமா. ஆம்பளப் பிள்ளை."

"நல்லா உறங்குறான்னு நேத்து அவம்மா பெருமையாச் சொல்லிட்டு இருந்தா."

அவள் எழுந்தாள். பிள்ளைக்காகச் செய்த சின்னச் சோடி வண்டியோடு போய்விட்டது. எஞ்சியிருந்தது அவள் அணிந்திருந்தது ஒன்றுதான். அதைக் கழற்றாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் வரை போனாள்.

"நம்ப மாட்டாவ, சலேத்து," என்றேன். "நீ சொன்னா... நீன்னு தெரிஞ்சா கிட்டயே விட மாட்டாவ."

"அதான் நீங்களும் வாங்க," என்றாள். "ஆணி புடுங்குற கம்பிய எடுத்துக்கிடுங்க."

நான் கடைக்குள் போய்க் கருவிப்பெட்டியைத் திறந்தேன். அவள் எனக்காக நிற்கவில்லை.